போணிக்கு முன்னால் வராதவர்

ரெஜிஸிடம் எல்லாமே இரண்டு இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. இடுப்பில் இரண்டு சாவிக்கொத்து. பின்னால் யாரும் உட்காராவிட்டாலும் வண்டியில் இரண்டு ஹெல்மெட். மூக்குக் கண்ணாடி ஒன்று முகத்தில், இன்னொன்று பையில். மேலப்புதூரில் இருக்கும் அவர் வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு. காலையில் எழுப்ப இரண்டு அலாரம். இரண்டும் சேர்ந்து கத்தியும் அவர் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு கைவசம் இருக்கணும், அறிவு" என்பார்.

கல்யாண விஷயத்தில் மட்டும் ரோசரியோடு நிறுத்திக்கொண்டார். அதுகூட ரோசரியின் முகத்தைப் பார்த்த பயத்தில்தான் என்பது என் கருத்து.

நான் அறிவுமதி. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் ரெஜிஸும் ஒரே கடையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். என் பாதியில் பிரிண்டர் ரிப்பேர். அவர் பாதியில் நெட்வொர்க் வேலை. அதாவது ஒரு கடையிலோ ஸ்கேன் சென்டரிலோ இருக்கும் நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று பேச வைக்கும் வேலை. என் பாதியில் தரை தெரியும். அவர் பாதியில் வயர்தான் தெரியும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

அவருடைய அப்பா அற்புதசாமி திருவெறும்பூரில் தொழிற்சாலை வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனும் அதே கேட்டுக்குள் போக வேண்டும் என்பது அவர் ஆசை. தொழிற்சாலைப் பரீட்சைக்கு ரெஜிஸ் கிளம்பிய அன்று பஸ் நடுவழியில் படுத்துவிட்டது. ஆசையும் அங்கேயே இறங்கிக்கொண்டது. பிறகு கேபிள் டிவிக்கு மொட்டை மாடி மொட்டை மாடியாக வயர் இழுத்து, அப்படியே கம்ப்யூட்டர் வயருக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பஸ் மட்டும் இல்லை. அவர் தொடங்கிவைத்த எதுவும் முதல் நாள் ஒழுங்காக நடந்தது கிடையாது. புது வண்டியை மாதா கோயிலில் மந்திரித்துவிட்டு வெளியே எடுத்தார், செயின் அறுந்தது. கல்யாணத்தன்று பந்தியில் சாம்பார் வாளி வரும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் கடைத் திறப்பு விழாவில் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு, வந்தவர்கள் எல்லாம் குனிந்து உள்ளே வந்து காபி குடித்துவிட்டுக் குனிந்தே வெளியே போனார்கள். இதையெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். ராசியாவது மண்ணாவது, எல்லாம் தற்செயல் என்பது அவருடைய கட்சி. ஆனால் எந்தப் பெட்டியின் பட்டனை அழுத்துவதற்கு முன்னாலும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "அது பழக்கம், இது வேற" என்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கைபட்ட மெஷினுக்கெல்லாம் பேர் வைத்துவிடுவார். சின்ன வயதில் வீட்டுக் கோழிகளுக்கு வைத்தாராம். அப்புறம் குழம்பு வைக்கும்போது வருத்தமாகிவிட்டதாம். கம்ப்யூட்டரைக் குழம்பு வைக்க முடியாது என்பதால் இப்போது நிம்மதியாக வைக்கிறார். மலைக்கோட்டைக்குக் கீழே பீமராவ் ஜவுளிக் கடையில் அவர் வைத்த பேர்களில்தான் இந்த வருஷத்து வம்பு ஆரம்பித்தது.

பீமராவ் வேட்டி, துண்டு மொத்த வியாபாரி. ஸ்ரீரங்கத்தில் வீடு. தினமும் பெருமாளைச் சேவித்துவிட்டு, சட்டைப் பையில் துளசியோடு பாலம் தாண்டி வந்து கடை திறப்பவர். மூன்று தளம், கீழே இரண்டு பில் கவுண்டர், மேலே சரக்கும் பேக்கிங்கும். இந்தக் கடைக்கு ரெஜிஸ்தான் நெட்வொர்க் போட்டார். கணக்கெல்லாம் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குக் காவேரி என்று பேர். பில் போடும் இரண்டுக்கும் கொள்ளிடம், குடமுருட்டி. மேல்தளத்தில் இருப்பது உய்யக்கொண்டான். எல்லாம் எங்கள் ஊர் ஆறு, வாய்க்கால்களின் பேர்.

நாம்தான் பேர் வைத்துக் கூப்பிடுகிறோம். கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றையொன்று எண்ணை வைத்துத்தான் தெரியும். கொள்ளிடம் காவேரியைத் தேடினால், காவேரியின் எண் இன்னது என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் பெட்டிக்கு நேம் சர்வர் என்று பெயர். ரெஜிஸ் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டித் துடைத்து, அந்த வேலைக்காக மாடிப்படிக்கு அடியில் உட்காரவைத்திருந்தார். கடைக்காரர்கள் அதைப் படிக்கட்டுப் பெட்டி என்றார்கள்.

சித்திரை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு காலையில் முதல் பில் நிற்க ஆரம்பித்தது.

வேறு ஊராக இருந்தால் முதல் பில் நின்றால் இரண்டாவது பில் போட்டுக்கொள்வார்கள். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் முதல் பில் என்றால் போணி. காலையில் விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, முதல் ஆளுக்குத் தடங்கல் இல்லாமல் பில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைய வியாபாரம் தானாக நடக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தினமும் அந்தப் பில்லைப் போடுகிறவர் பிரேமலதா அக்கா. பீமராவின் அப்பா காலத்திலிருந்தே அவர்தான். அக்காவுக்குக் கைராசி என்று அந்தத் தெருவே சொல்லும். பக்கத்து வளையல் கடைக்காரர் புதுக் கல்லாப் பெட்டி வாங்கினால்கூட அக்காவைக் கூப்பிட்டு முதல் காசைப் போடச் சொல்வார்.

அந்த அக்கா காலையில் பில்லைத் தட்டினால் திரையில் "காவேரி கிடைக்கவில்லை" என்று வந்து நின்றது. வாங்க வந்தவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். பீமராவ் சாம்பிராணித் தட்டோடு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும். ஆனால் போணி கெட்டது கெட்டதுதான்.

ரெஜிஸுக்குப் போன் போகும். அவர் குளித்து, சாப்பிட்டு, இரண்டு ஹெல்மெட்டோடு போய்ச் சேரும்போது எல்லாம் கச்சிதமாக ஓடிக்கொண்டிருக்கும். "பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு வருவார். அடுத்த நாளும் போன் வரும். வயரை மாற்றினார். வயர்கள் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினார். கடைசியில், "அறிவு, நெட்வொர்க்ல தப்பே கிடையாது. ஒரு ஊசிமுனை தப்பு காட்டு, நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்று என்னிடம் சவால் விட்டார். எனக்கு எதற்கு ஊசிமுனை? என் பாதியில் வந்து விழுந்திருந்த அவருடைய வயரை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

பீமராவ் பொறுத்துப் பார்த்தார். பிறகு பிரேமலதா அக்காவை மேலே பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, கனிஷ்கா என்ற புதுப் பெண்ணைக் கொள்ளிடத்தில் உட்காரவைத்தார். அன்றே போணி தடங்கல் இல்லாமல் நடந்தது. மறுநாளும் நடந்தது. தெருவில் பேச்சு வந்துவிட்டது.

இதெல்லாம் எனக்குப் பஸ்ஸில் தெரிந்தது. நானும் அக்காவும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில்தான் வருவோம். எப்போதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பாலத்தில் ஏறியதும் ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். அன்றைக்குக் கும்பிடவில்லை. கைகளைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. கைதான் சரியில்லையாம்."

நடந்ததைச் சொன்னார். பிறகு, "மூட்டை கட்டறதுல எனக்கு ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல அறிவு. சம்பளமும் அதேதான். ஆனா ஆவணில அமிர்தத்துக்கு நிச்சயம் வெச்சிருக்கோம்ல" என்றார். அமிர்தம் அவருடைய ஒரே மகள். "மாப்பிள்ளை வீடும் அந்தக் கடைத்தெருதான். நியூஸ் போயிடுச்சு. சம்பந்தியம்மா போன் பண்ணி, தட்டு மாத்தறதுக்கு உங்க ஓரகத்திய நிக்கச் சொல்லலாமான்னு ரொம்பத் தன்மையாக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்."

"ஏன்க்கா?"

"ஒருவேளை நெசமா இருந்துட்டா? என் கையால எம்பொண்ணுக்குக் கெடுதல் வந்துட்டா?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பெற்ற மகளின் நிச்சயத்தில் தாம்பூலத் தட்டைத் தொடாமல் ஓரமாக நிற்கப்போகிறார். அதற்குக் காரணம் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்காதது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, செக்கிங் வந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே சத்திரம் வந்து சேர்ந்தேன்.

அந்த ஆத்திரம் முழுவதும் ரெஜிஸ் மேல் இறங்கியது.

"நாளைக்குக் கடை தொறக்கறதுக்கு முன்னாடி நீங்க அங்க நிக்கணும்."

"காலைலயா?"

"காலைலதான். எல்லாம் முடிஞ்சு பத்து மணிக்குப் போயி ஒண்ணுமே இல்லன்னா எப்படி இருக்கும்? எனக்கு ஜுரம் விட்டப்புறம் வர்ற டாக்டர் வேண்டாம்."

"என் நெட்வொர்க்ல தப்பு இல்லம்மா."

"அப்ப தப்பு அக்கா கைலங்கறீங்களா? ராசில உங்களுக்கு நம்பிக்கையே கிடையாதே!"

அவர் பையிலிருந்த இரண்டு பேனாவையும் எடுத்து இடம் மாற்றிச் செருகினார். நான் விடவில்லை. ரோசரிக்குப் போன் செய்து மூன்றாவது அலாரமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் தூக்கம் கலையாத முகத்தோடு, மலைக்கோட்டையை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல அண்ணாந்து பார்த்தபடி ரெஜிஸ் கடை வாசலில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பீமராவ் வந்தார். ஷட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தூக்கினார். உள்ளே போய் ஏதோ சுவிட்சைப் போட்டார், விளக்குகள் எரிந்தன. சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். கனிஷ்கா வந்தாள். கைப்பையை மாட்டினாள். நாற்காலியைத் துடைத்தாள். மல்லிகைப் பூவைச் சரிசெய்தாள். போனில் தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டாள், அது பிடிக்காமல் இன்னொன்று எடுத்தாள். அதற்குப் பிறகு நிதானமாகக் கம்ப்யூட்டரைப் போட்டாள். லால்குடியிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவருக்கு முதல் பில் சர்ரென்று வெளியே வந்தது.

பீமராவ் பில்லில் குங்குமம் வைத்துக் கொடுத்தார். ரெஜிஸ் என்னைப் பார்த்து, "பாத்தியா? ஊசிமுனை இருக்கா?" என்றார்.

எனக்கு அவரைக் கிள்ளலாம் போல இருந்தது. விளக்குகள் எரிந்ததிலிருந்து மாடிப்படிக்கு அடியில் கர்ர் என்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் அந்த நேரம் பார்த்து மெல்ல அடங்கியது. ரெஜிஸின் முகம் மாறியது. அவர் தொழிலில் அவரை ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் ஒரு மெஷின் முனகினால் எதற்கு முனகுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஐயா, படிக்கட்டுப் பெட்டி இப்பத்தான் எந்திரிச்சு முடிச்சிருக்கு. அது ராத்திரி பகல் ஓடிக்கிட்டே இருக்கணுமே?"

"நைட்டு மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே தம்பி போறோம்."

"மெயினையா? எப்பலேர்ந்து?"

"சித்திரைலேர்ந்து. தெருக்கோடிக் கடையில ஒயர் கருகிப் புகை வந்துச்சுல்ல? அதுலேர்ந்து எல்லாக் கடைக்காரரும் சாத்தும்போது மெயினை அணைச்சிடணும்னு பேசி முடிவு பண்ணிட்டோம். நான்தான் கடைசியா அணைச்சு, கும்பிட்டுட்டுப் போவேன். காலைல வந்து நானே போடுவேன்."

"என்கிட்ட யாருமே சொல்லலையே!"

"லைட்டு அணைக்கறதை உங்ககிட்ட எதுக்குத் தம்பி சொல்லணும்?"

நியாயமான கேள்விதான். ரெஜிஸ் படிக்கட்டுக்கு அடியில் நுழைந்து, மேலே கிடந்த துண்டுக் கட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

தினமும் மெயினைச் சட்டென்று அணைப்பதால் அந்தப் பழைய பெட்டி காலையில் எழும்போது உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று தன்னையே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதற்குச் சிறிது நேரமாகும். பிரேமலதா அக்கா கடைக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டரைத் தட்டுகிறவர். சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் பில் தயாராக இருக்க வேண்டும் அவருக்கு. அந்த நேரத்தில் காவேரி எங்கே என்று கொள்ளிடம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கனிஷ்கா பூவைச் சரிசெய்து, படம் எடுத்து முடிப்பதற்குள் படிக்கட்டுப் பெட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறது.

"ஆள் இல்லன்னா கொஞ்சம் பொறுத்து மறுபடி கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

ரெஜிஸ் தலையைச் சொறிந்தார். "கேட்டிருக்கும். நான்தான் ரெண்டு குடுத்து வெச்சிருக்கேனே."

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பேர் கேட்க வேண்டிய இடம் என்று இரண்டு எழுதியிருந்தார். முதலில் படிக்கட்டுப் பெட்டி. அது பேசாவிட்டால் இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனியின் நேம் சர்வர். அதற்கு உலகத்தில் உள்ள வலைத்தளங்கள் எல்லாம் தெரியும். பீமராவ் கடைக்குள் இருக்கும் காவேரியைத் தெரியாது. "அப்படி யாரும் இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடும். கொள்ளிடம் அதை நம்பி, கொஞ்ச நேரத்துக்கு அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று மட்டும் எழுதியிருந்தால் பதில் வருகிறவரை காத்திருந்து மறுபடி கேட்டிருக்கும். இரண்டு பேனா, இரண்டு பூட்டு, இரண்டு ஹெல்மெட் வைத்திருக்கும் மனுஷனுக்கு ஒன்றோடு நிறுத்தக் கை வரவில்லை.

"தொழிலை என்னைக்கு விடறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா இரு அறிவு" என்றார். காது சிவந்திருந்தது.

வேலையைச் சுத்தமாகச் செய்தார், அதைச் சொல்ல வேண்டும். படிக்கட்டுப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டு, பேர் சொல்லும் பொறுப்பை, இணைய இணைப்பு வந்து சேரும் ரவுட்டர் பெட்டிக்கே மாற்றினார். கரண்ட் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இரண்டாவது முகவரியை அழித்தார். அழிக்கும்போது பல் பிடுங்குகிற ஆள் மாதிரி முகத்தை வைத்திருந்தார். மதியம் பீமராவிடம் சொல்லிவிட்டு மெயினை அணைத்துப் போட்டு, விளக்கு எரிந்த கையோடு பில்லைத் தட்டிப் பார்த்தார். தட்டின தடவையெல்லாம் காவேரி உடனே வந்தது.

பிறகு பீமராவிடம் விளக்கினார். பீமராவ் கேட்கத் தெரிந்தவர், குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி. ஆனா கனிஷ்கா கையில ஓடுச்சே?" என்றார்.

"அது வந்துங்க ஐயா, இந்தப் பொண்ணு கொஞ்சம் மெதுவா..."

"நான் மெதுவா?" என்று கவுண்டரிலிருந்து கனிஷ்கா நிமிர்ந்தாள்.

"இல்லம்மா, நிதானம். நிதானம்னு சொல்ல வந்தேன்."

"அப்போ சுறுசுறுப்பா வந்து வேலை பாக்கறது தப்பு, போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கறது நல்லதுன்னு சொல்றீங்களா?" என்றார் பீமராவ். "மெஷின் சரியாச்சு, சந்தோஷம். நீங்க பெரிய வேலை செஞ்சிருக்கீங்க. ஆனா ராசிங்கறது மெஷின்ல இல்லையே. அந்தம்மா கை பட்டா நிக்குது, இவ கை பட்டா ஓடுது. தெருவே பாத்துச்சு. நான் என்ன பண்றது?"

ரெஜிஸ் மறுபடி விளக்க வாயெடுத்தார். அப்போதுதான் பார்த்தேன், வேட்டிக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்த பிரேமலதா அக்கா மாடிப்படியில் நின்றிருந்தார். ரெஜிஸ் விளக்க ஆரம்பித்தபோதே பேச்சு காதில் விழுந்து, பாதிப் படியில் நின்றுவிட்டார் போல. கவுண்டரைப் பார்க்காமல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜிஸ் அவரைப் பார்த்தார். பிறகு பீமராவ் பக்கம் திரும்பி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது.

"ஐயா, உங்ககிட்ட மறைக்கறதுல அர்த்தம் இல்ல. அந்தப் படிக்கட்டுப் பெட்டியை முதமுதல்ல கொண்டாந்து வெச்சது யாரு?"

"நீங்கதான்."

"அந்தக் கொள்ளிடத்தை முதல்ல தொட்டுப் போட்டது?"

"நீங்கதான்."

"அங்கதாங்க ஐயா விஷயமே. எனக்குக் கைராசி கிடையாது. சுத்தமாக் கிடையாது. வேலைக்குப் பரீட்சை எழுதப் போனேன், பஸ்ஸே படுத்துடுச்சு. வண்டி எடுத்த அன்னைக்கே செயின் போச்சு. கல்யாணத்துல கரண்ட் போச்சு. கடை தொறந்தேன், ஷட்டர் சிக்கிடுச்சு. இந்தா, அறிவைக் கேளுங்க."

பீமராவ் என்னைப் பார்த்தார். "எல்லாரும் குனிஞ்சுதாங்க உள்ள வந்தாங்க" என்றேன். அது பொய் இல்லையே.

"என் கைக் கெடுதல் பொட்டியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அந்தம்மா பாவம், சாமி கும்பிடறதுக்கு முன்னாடியே தொட்டு, அத்தனையும் தன் கைல வாங்கிக்கிட்டாங்க. இப்பப் பொட்டியத் தூக்கிட்டேன். இனிமே அவங்க கையால போட்டாத்தான் கடைக்கு நல்லது."

பீமராவின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரம் நேம் சர்வரைப் பற்றிச் சொன்னபோது வராத வெளிச்சம் இப்போது வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து, "அப்பவே நெனச்சேன் தம்பி" என்றார். "நீங்க வர்ற அன்னைக்கெல்லாம் எனக்கு இடது கண்ணு துடிக்கும்."

படியில் நின்ற அக்காவின் பக்கம் திரும்பி, "பிரேமா, நாளைலேர்ந்து நீயே கீழ உக்காரு" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். கட்டை இறக்கி வைத்துவிட்டு, கொள்ளிடத்தின் மேல் படிந்திருந்த தூசியைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு எனக்கு ரெஜிஸ் மேல் பெரிய மரியாதை வந்தது. வெளியில் காட்டவில்லை. காட்டியிருந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் அக்கா நுழைந்ததும் தட்டினார், பில் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. பேச்சு வந்த வேகத்தில் தெருவில் பேச்சு திரும்பியது. வளையல் கடைக்காரர் மறுபடி அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார். சம்பந்தியம்மாவும் போன் செய்து, தட்டை அக்காவே மாற்றட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

ஆனால் ஒன்று நடந்தது. பேச்சு திரும்பியதே தவிர, காணாமல் போகவில்லை. அது ரெஜிஸிடம் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் பீமராவே, மிக மரியாதையாக, "தம்பி, இனிமே வர்றதா இருந்தா போணி ஆனப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டார். பிறகு பாத்திரக் கடையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நகைக் கடை. ரெஜிஸ் தெருவில் நுழைந்தால், கல்லாவில் இருப்பவர் எழுந்து வந்து, "ஒரு அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கம் டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்" என்பார். இவர் டீக்கடை வாசலில் நின்று ஒவ்வொரு கடையாக முதல் பில் விழுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நல்லதாப் போச்சு அறிவு. யாரும் காலைல கூப்பிட மாட்டாங்க. நிம்மதியாத் தூங்கறேன்" என்று என்னிடம் சொன்னார்.

அது பாதிதான் உண்மை. ஒரு பாத்திரக் கடைக்காரர் தில்லைநகரில் கிளை திறந்தார். வயரிலிருந்து கம்ப்யூட்டர்வரை முழு வேலையும் ரெஜிஸுடையது. திறப்பு விழா அழைப்பிதழோடு, "மத்தியானச் சாப்பாட்டுக்குக் கண்டிப்பா வந்துடுங்க" என்று வாய்மொழியாகவும் ஒன்று வந்தது. காலையில் வராதே என்று அதற்கு அர்த்தம். அன்றைக்குக் கடையில் அவர் வயர்களையெல்லாம் சுருட்டி அடுக்கினார். அவர் பாதியில் தரை தெரிந்தது.

"நீங்க ஏன் போயி உண்மையைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டேன்.

"சொன்னா அந்தம்மா மறுபடி மாடி ஏறணும்" என்றார்.

ஆவணியில் அமிர்தத்துக்கு நிச்சயம். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் ஒரு சின்ன மண்டபம். நான் நேரத்தோடு போய்விட்டேன். பீமராவ், வளையல் கடைக்காரர், மாப்பிள்ளை வீட்டார் என்று கடைத்தெருவே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. ரெஜிஸும் ரோசரியும் வந்தார்கள். ரோசரி உள்ளே வந்துவிட்டார். ரெஜிஸ் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கையில் இரண்டு பரிசுப் பொட்டலம்.

நான் வெளியே போய், "என்ன, உள்ள வாங்க" என்றேன்.

"தட்டு மாத்தி முடிக்கட்டும் அறிவு. அப்புறம் வரேன். நல்ல காரியம்."

"ராசியாவது மண்ணாவதுன்னு சொல்ற ஆளு நீங்க."

"நான் சொல்லுவேன். உள்ள இருக்கறவங்க சொல்ல மாட்டாங்கல்ல? அந்தம்மாவுக்கு எதுக்குச் சங்கடம்?"

அவர் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு ஏதோ செய்தார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து பிரேமலதா அக்கா விறுவிறுவென்று வந்தார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. நடுக் கூடத்தில் தாம்பூலத் தட்டு தயாராக இருந்தது. பெண்ணின் அம்மாவை எங்கே காணோம் என்று எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெஜிஸ், ஏன் இங்க நிக்கறீங்க? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். வந்து அந்தத் தட்டை எடுத்து என் கைல குடுங்க."

"நானா? வேண்டாம்மா. என் கை..."

"உங்க கை எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "படியில நின்னு நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்? தப்பு மெஷின்லதான்னு மொதல்ல நீங்க சொன்னதையும் கேட்டேன். அப்புறம் சொன்னதையும் கேட்டேன்."

பிறகு உள்ளே திரும்பி, கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "எனக்குக் கைராசின்னு தெருவே சொல்லுதுல்ல? அந்தக் கை கூப்பிடுது. வாங்க."

பீமராவ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் பக்கம் பார்த்தார். பீமராவ் வாயை மூடிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த துளசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சம்பந்தியம்மா மட்டும் எழுந்து, ரெஜிஸுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார்.

ரெஜிஸ் பொட்டலங்களை என்னிடம் கொடுத்தார். பட்டனை அழுத்தப் போகிறவர் மாதிரி பழக்க தோஷத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தட்டைத் தூக்கினார். தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், புடவை எல்லாம் இருந்த கனமான தட்டு. கரண்ட் போகவில்லை, எதுவும் அறுந்து விழவில்லை. தேங்காய் மட்டும் ஓரத்துக்கு உருண்டது. அக்கா ஒரு கையால் தேங்காயையும் மறு கையால் தட்டையும் பிடித்து வாங்கிக்கொண்டார்.